அன்று சூரியன்தான், அண்ணாச்சி

அண்ணாச்சி,

நேற்று போர்ட் பிளேரில், டெலானிபூர் இறக்கத்தில் உள்ள ஜெராக்ஸ் கடையில் உங்கள் இறப்புச் சான்றிதழை ஆறு நகல் எடுத்தேன். மதினியின் குடும்ப பென்ஷனுக்கு வேண்டும். ஆபீசில் ஒருவர் நான்கு போதும் என்றார், இன்னொருவர் எட்டு என்றார், நானாக ஆறு என்று முடிவு செய்துகொண்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் கடைக்குள்ளேயே ஒதுங்கி நின்றேன். இயந்திரம் சூடாகி இரண்டாவது தாளைத் தள்ளியபோது அந்த வாசனை வந்தது. இடி இடித்து ஓய்ந்த பிறகு காற்றில் நிற்குமே, மூக்கைச் சுருக்க வைக்கும் ஒரு காரம். ஹட் பேயில் நம் ஒயர்லெஸ் செட் அறையில் நீங்கள் மோர்ஸ் கீயைத் தட்டும்போதெல்லாம் ஏரியல் சுவிட்சில் பொறி பறந்து வரும் அதே வாசனை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர், "க்யா ஹுவா அங்கிள்? பைட்டியே, பைட்டியே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். மடியில் உங்கள் பெயர் போட்ட தாள்கள், இன்னும் சூடு ஆறாமல்.

"இது ஓசோன் வே" என்று நீங்கள் ஒருநாள் சொன்னீர்கள். "இங்க மூக்குக்கு ஆகாது. மேல இருந்தா உசுருக்குக் காவல்." நான் உடனே, "அப்ப நாம ரெண்டு பேரும் மேல போய் உக்காந்துக்குவோம் அண்ணாச்சி, இங்க நம்மளையும் யாருக்கும் ஆகல" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த டீ சிந்தியது. நாம் அப்படிச் சிரித்துக்கொண்டும் இருந்தோம் என்பதை இப்போது யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எனக்கே நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. போர்ட் பிளேருக்குத் தெற்கே, தனித் தீவில், ஹட் பே அப்போதுதான் காட்டை வெட்டி ஊராகிக்கொண்டிருந்தது. வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு நிலம் அளந்து கொடுத்திருந்தார்கள். கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும், அலையைத் தாண்டிப் படகில்தான் ஆளும் அரிசியும் வர வேண்டும். அந்த ஊருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் இருந்தது நம் தகரக் கொட்டகையும் அதிலிருந்த ஒயர்லெஸ் பெட்டியும்தான். அனுப்பவும் கேட்கவும் அந்த ஒரே பெட்டி. நீங்கள் ஆபரேட்டர், நான் மெக்கானிக். நீங்கள் தூத்துக்குடிக்காரர், எட்டு வருஷம் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக உலகம் சுற்றியவர். நான் மதுரையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் ஸ்குரூ திருகிக்கொண்டிருந்து, ரெண்டு வருஷம் பார்த்துவிட்டு மெயின்லேண்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கப்பலேறியவன். ரெண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

உங்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. செட் அறையின் மேற்குப் பலகையில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, சாயங்காலம் அதன் வழியாக விழும் சூரியனை ஒரு வெள்ளைத்தாளில் பிடிப்பீர்கள். வட்டமாக, தட்டு மாதிரி விழும். அதில் இருக்கும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைப்பீர்கள். ஊரில் உங்களுக்கு "சூரஜ் பாபு" என்றே பெயர் விழுந்துவிட்டது. நான் என் பங்குக்கு, "பொண்ணு பாக்கப் போனவன் அவ மூஞ்சில மருவ எண்ணுன மாதிரி இருக்கு" என்று கேலி செய்வேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமல், "எண்ணுதேன், எண்ணுதேன். ஒரு நாளைக்கு உனக்கு உதவும்" என்பீர்கள்.

வடகடல் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! துருவத்துக்குப் பக்கத்தில் கப்பல் போகும்போது நான்கு நாள் ரேடியோ அடியோடு செத்துவிட்டதாம். வானத்தில் பச்சையாகத் திரை ஆடியதாம். கேப்டன் உங்களைத் தூங்குமூஞ்சி என்று திட்டினாராம். சூரியனில் ஒரு வெடிப்பு வந்தால் அதன் ஒளி எட்டு நிமிஷத்தில் வந்து பகலில் இருக்கும் நாடுகளின் மேல்வானத்தைக் கலக்கிவிடும், நம் ரேடியோ அலை மேலே போய்த் திரும்பும் அந்தக் கூரையே அலையை விழுங்கிவிடும் என்பீர்கள். வெடிப்பில் கிளம்பும் துகள்கள் அதற்குப் பின்னால் வரும். பூமியின் காந்தம் அவற்றை இரண்டு துருவத்துக்கும் தள்ளிவிடும். அங்கே மேல்காற்றின் சேர்மானமே மாறிப்போகும். "நமக்கு ஒரு மணி நேரம். துருவத்துக்காரனுக்கு ஒரு வாரம். அவ்வளவுதான் வித்தியாசம்." நான், "நம்ம ஊர்ல கரண்டு போற மாதிரிதானா?" என்பேன். "ஆமா வே. ஆனா இந்த கரண்டு போனா மெக்கானிக்கக் கூப்பிடப்படாது" என்பீர்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, அண்ணாச்சி. எனக்கு என் கை மேல் அவ்வளவு கர்வம். உப்புக்காற்று அடிக்கும் தீவில் எந்தச் செட் மக்கர் செய்தாலும் ஒரே வைத்தியம்தான்: பெட்டியைத் திற, கண்ணாடி வால்வுகளைப் பிடுங்கு, அவற்றின் கால்களில் ஏறியிருக்கும் பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய், திரும்பச் செருகு. பத்துக்கு ஒன்பது தடவை செட் பேசிவிடும். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரே என்னிடம், "தும்ஹாரா ஹாத் மே ஜாதூ ஹை" என்று சொல்லியிருக்கிறார். கையில் மந்திரம் இருக்கிறதாம். நானும் நம்பினேன்.

ஆகஸ்ட் முதல் வாரம். மழைக்காலம், கடல் கொந்தளிப்பு. வசந்திக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். உங்களுக்கு அவள் ஒரே பிள்ளை, ஐந்து வயது. என்னை "ஸ்குரூ சித்தப்பா" என்று கூப்பிடுவாள். அன்று காலை பத்து மணிக்கு மேல் அவளுக்கு வலிப்பு வந்தது. டாக்டர் போர்ட் பிளேருக்குப் போனவர் கடல் சரியில்லாமல் திரும்பவில்லை. கம்பவுண்டர், அந்த வங்காளப் பெரியவர், பார்த்துவிட்டு நம் கொட்டகைக்கே ஓடி வந்தார். "பாபு, மலேரியா திமாக் மே சட் கயா. ஜல்தி. சூயி சாஹியே, டாக்டர் சாஹிப் சாஹியே." காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, மாத்திரை எல்லாம் வாந்தியாகப் போகிறது, ஊசி மருந்து வேண்டும், டாக்டர் வேண்டும். கார் நிகோபார் போகும் கப்பல் மூன்று மணிக்குப் போர்ட் பிளேரை விட்டுக் கிளம்புவதாக இருந்தது. அதற்குள் செய்தி போனால் டாக்டர் மருந்தோடு அதில் ஏறிவிடுவார், கப்பல் நமக்கு எதிரே நின்று அவரைப் படகில் இறக்கிவிடும். அதை விட்டால் அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நீங்கள் கூப்பிட்டீர்கள். போர்ட் பிளேர் முதல் அழைப்பிலேயே பதில் சொன்னது. நீங்கள் செய்தியைத் தட்ட ஆரம்பித்து நான்கைந்து சொல் போயிருக்கும். அப்போதுதான் எல்லாம் அடங்கியது. போர்ட் பிளேரின் குரல் மட்டும் போகவில்லை, வழக்கமாக மழைக்காலத்தில் காதைக் கிழிக்கும் இடி இரைச்சலும் போயிற்று. யாரோ பெட்டிக்குள் பஞ்சைத் திணித்த மாதிரி ஒரு மௌனம். நீங்கள் ஹெட்போனை மெல்லக் கழற்றினீர்கள்.

"தம்பி, இது சூரியன்."

நான் வெளியே பார்த்தேன். மேகம் மூடிக்கிடந்தது. "சூரியனையே காணோம் அண்ணாச்சி!"

"மேகம் கீழ இருக்கு. இது அதுக்கு ரொம்ப மேல நடக்கது. முந்தாநாள் மழ வெறிச்சப்ப பாத்தேன், பெரிய புள்ளிக் கூட்டம் நடுவுல நிக்கி. பொறு, சோதிச்சுப் பாத்துருவோம்."

காட்டு முகாமில் ஒரு சின்ன செட் இருந்தது, ஏழெட்டு மைல்தான் எட்டும். நீங்கள் அதைக் கூப்பிட்டீர்கள். முகாம்காரன் உடனே, "ஹட் பே, சாஃப் சுனாயி தேதா ஹை, போலோ" என்றான். கணீரென்று கேட்டது. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"கேக்குல்லா? செட்டு நல்லாருக்கு. பக்கத்துல உள்ளவன் பேசுதது தரையோட வருது, வந்துட்டு. மேல போய்த் திரும்புறது மட்டும் வரல. ஒரு மணி நேரம் தம்பி. அதுக்குள்ள தானா வந்துரும். மூணு மணி வர நேரம் இருக்கு."

"பக்கத்துல நின்னு கத்துனா செவிடனுக்கும்தான் கேக்கும் அண்ணாச்சி. செட்டு மந்தமாயிருச்சு. களிம்பு. எனக்குத் தெரியாதா? பத்து நிமிஷம் குடுங்க, தொறந்து தொடச்சு மூடிர்றேன்."

"தொறக்காத."

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இன்னொரு கையால் அழைப்பைத் தட்டினீர்கள். பதில் இல்லை. நான் சும்மா இருந்தேனா? உங்கள் பின்னால் நின்றுகொண்டு ஓதினேன். "புஸ்தகத்துல போட்டிருந்தா ஆச்சா? புள்ள உசுரு அண்ணாச்சி! நேரம் போகுது அண்ணாச்சி!" உங்கள் கழுத்தில் வேர்வை ஓடியது. கை மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு மதினி வாசலில் வந்து நின்றார். மழையில் நனைந்து, காலில் செருப்பு இல்லாமல். "என்ன சொன்னாக? கப்பல் வருதா?" என்று கேட்டார்.

பெற்றவளிடம் என்ன சொல்ல முடியும்? சூரியனில் ஏதோ வெடித்திருக்கிறது, பொறு என்றா? உங்கள் கை பெட்டியிலிருந்து எழுந்தது. என்னைப் பார்க்காமலே, "தொற" என்று சொல்லிவிட்டு அவரோடு பிள்ளையைப் பார்க்கப் போனீர்கள்.

திறந்தேன். நான்கு வால்வுகளைத் துடைத்தேன். ஐந்தாவது, அனுப்புவதற்கும் கேட்பதற்கும் பொதுவானது, அதைப் பிடுங்கும்போது வேர்வைக் கையிலிருந்து நழுவிப் பெட்டியின் விளிம்பில் பட்டது. சின்னச் சத்தம். கண்ணாடியில் முடி மாதிரி ஒரு கீறல். இதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். வால்வின் தலையில் இருந்த வெள்ளிப்பூச்சு என் கண் முன்னே பால்வெள்ளையாக மாறியது. காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். செட் செத்தது. நான் திறக்கும்வரை அது உயிரோடுதான் இருந்தது, அண்ணாச்சி. மற்ற வால்வுகளில் களிம்புகூடப் பெரிதாக இல்லை. அந்த வகை வால்வுக்கு மாற்றும் கையில் இல்லை. இருந்த ஒன்றைப் போன மாதம் போட்டுவிட்டோம்.

நீங்கள் திரும்பி வந்தபோது அதைக் கையில் வைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு மூச்சு போதும். அதற்குப் பதிலாக, "இதுதான் அண்ணாச்சி கோளாறு. வால்வு போயிருச்சு, பாருங்க வெள்ளையா. அதான் கேக்கல" என்றேன்.

நீங்கள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். கீறல் இருந்த பக்கம் என் கட்டைவிரல் பட்டு அழுக்காகியிருந்தது. நான்தான் அப்படி ஆக்கினேன்.

"அப்ப சூரியன் இல்லையா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்தான், அண்ணாச்சி. இத்தனை வருஷமாக நான் சொன்ன வேறு எதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

பைத்தியம் பிடித்தவன் போல் வேலை செய்தேன். பெட்டியின் வேறொரு பகுதியிலிருந்து வால்வைப் பிடுங்கி, கம்பியை மாற்றிக் கட்டி, பற்றவைத்து, நான்கு பத்துக்குச் செட்டைப் பேச வைத்தேன். போர்ட் பிளேர் தெளிவாக வந்தது. கப்பல் மூன்று மணிக்கே போய்விட்டிருந்தது, டாக்டரும் மருந்தும் இல்லாமல். அதை நடுக்கடலில் நிறுத்தினாலும் பயனில்லை. மருந்தோடு ஓர் ஆள் அந்த அலையைத் தாண்டி வந்துவிடலாம். வலிப்பில் கிடக்கும் குழந்தையை அதில் கொண்டுபோக முடியாது. மறுநாள் காலை, பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் வசந்தி போய்விட்டாள். குழியை நானும்தான் வெட்டினேன். உங்களுக்கு உதவுவதாக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

இன்னும் இருக்கிறது. இதைவிடக் கேவலமானது. மூன்றாம் நாள் நீங்கள் லீவில் இருந்தபோது போர்ட் பிளேரிலிருந்து ஒரு விசாரிப்பு வந்தது. தனியாக நான்தான் எடுத்தேன். அன்று எல்லா ஸ்டேஷனும் ஒரே நேரத்தில் அடங்கினவாம், பன்னிரண்டு ஐம்பதுக்கு எல்லாம் திரும்பிவிட்டனவாம். அதிலிருந்து மூன்று மணி வரை ஹட் பேயை விடாமல் கூப்பிட்டோம், ஏன் பதில் இல்லை என்று கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு ஐம்பது! நீங்கள் சொன்ன அதே ஒரு மணி நேரம், நிமிஷம் பிசகாமல். நான் பெட்டியை மூடியே வைத்திருந்தால் இன்னும் அரை மணியில் போர்ட் பிளேர் வந்திருக்கும், கப்பலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்திருக்கும். "வால்வு பழுது" என்று பதில் தட்டிவிட்டு அந்தத் தாளைக் கிழித்து டீக்கடை அடுப்பில் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். முதல் காரியமாக மேற்குப் பலகை ஓட்டையை ஒரு தகரத் துண்டு வைத்து ஆணி அடித்து மூடினீர்கள். சூரிய நோட்டு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது நீங்களாகத்தான் பேசினீர்கள்.

"அரை மணி நேரம் தம்பி. நீ சொன்ன உடனே தொறக்க விட்டிருந்தா அரை மணி நேரம் முந்திக் கண்டுபிடிச்சிருப்ப. யார்ட்டயாவது வால்வு கேட்டிருக்கலாம், என்னமாவது செஞ்சிருக்கலாம். நான் சூரியன் சூரியன்னு பொட்டி மேல கைய வச்சிட்டு இருந்தேன். எம் படிப்பு எம் பிள்ளையக் கொன்னுட்டு."

நான் மணலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அலைச் சத்தம் பெரிதாக இருந்தது. சொல்லியிருக்கலாம். அப்போதுகூட நீங்கள் என்னை அடித்திருப்பீர்கள், கொன்றிருப்பீர்கள், அவ்வளவுதானே. அதற்குப் பதில் நீங்கள் ரிப்போர்ட்டில் என்ன எழுதினீர்கள்? பழுதைக் கண்டுபிடித்து நான்கு மணி நேரத்துக்குள் சரி செய்த மெக்கானிக்கின் திறமையைப் பாராட்டுவதாக எழுதினீர்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. நீங்களே அதை என் கையில் கொடுத்து முதுகில் தட்டினீர்கள்.

பிறகு இருவரும் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தோம். உங்களுக்கு மரைன் ஹில்லில் வீடு, எனக்கு டெலானிபூரில் குவார்ட்டர்ஸ். வசந்திக்குப் பிறகு உங்களுக்குக் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஏறி வருவேன், மதினி மீன்குழம்பு வைப்பார். ஊரில் நம்மைப் போல் சிநேகிதர்கள் இல்லை என்று பேச்சு.

ஒருநாள் நூலகத்தில் ஓர் அறிவியல் பத்திரிகையைப் புரட்டினேன். துருவத்தின் மேல்காற்றைப் பற்றிய கட்டுரை. நீங்கள் கொட்டகையில் சொன்னதெல்லாம் அதில் இருந்தது, நீங்கள் சொல்லாததும் இருந்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் சூரியனில் மிகப் பெரிய வெடிப்புகள் என்று எழுதியிருந்தார்கள். வசந்தி போன அதே வாரம். துகள்கள் துருவத்தில் இறங்கி, அங்கே நைட்ரஜனை உடைத்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒன்றை உண்டாக்கினவாம். அது ஓசோனைத் தின்றுவிட்டதாம். குறைந்துபோனதைச் செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னதாம். அந்த நைட்ரிக் ஆக்சைடு ஓர் ஓசோனைத் தின்ற பிறகும் தேய்வதில்லை, முன்போல் முழுசாக அடுத்ததைத் தேடிப் போகுமாம். வெயில் பட்டால் மேலேயே சிதைந்து போகுமாம். மாதக்கணக்கில் இருட்டாக இருக்கும் துருவக் குளிர்காலத்தில் மட்டும், அதைத் தொட ஒளி இல்லாததால், உயிரோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்குமாம். நூலகத்தில் உட்கார்ந்து அழுதேன், அண்ணாச்சி. நான் சொன்ன "இல்ல" அப்படித்தான் உங்களைத் தின்றது. முதலில் உங்கள் நோட்டைத் தின்றது, அப்புறம் உங்கள் படிப்பை, உங்கள் தூக்கத்தை. அது தேயவே இல்லை.

அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிப் பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எத்தனை ஞாயிறு அதைச் சுமந்துகொண்டு மரைன் ஹில் ஏறியிருப்பேன்! "அண்ணாச்சி, நீங்க சொன்னது சரி" என்று தொடங்க வேண்டும். அதற்கு அடுத்த வாக்கியம் என்னைப் பற்றியதாக இருக்கும். அந்த வாக்கியத்துக்குப் பயந்து முதல் வாக்கியத்தையும் விழுங்கிவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்குவேன். தாள் மடிப்பில் கிழிந்து போனது. இன்னொரு பிரதி எழுதினேன். அதுவும் கிழிந்தது.

போன மாதம் நீங்கள் படுக்கையில் இருந்தபோது என்னைத் தனியாக விட்டுவிட்டு மதினி மருந்து வாங்கப் போனார். அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நீங்கள் கண்ணைத் திறந்து, "வெளிய வெயிலா தம்பி?" என்றீர்கள். ஆமாம் என்றேன். "சன்னலச் சாத்து" என்றீர்கள். சாத்தினேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள், "ஒன்னைய மாதிரி ஒருத்தன் கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்" என்றீர்கள். அதற்கு மேல் எப்படி வாய் வரும்? வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்தாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

நேற்று மழை விட்ட பிறகு நகல்களை எடுத்துக்கொண்டு மரைன் ஹில் ஏறினேன். மதினி மேசையில் பென்ஷன் படிவங்களைப் பரப்பி வைத்திருந்தார். நகல்களைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏன் ஒரு மாதிரி இருக்கிய?" என்றார். நின்றுகொண்டே சொன்னேன். வால்வு, கீறல், நான் சொன்ன "இல்ல", பன்னிரண்டு ஐம்பது, கிழித்த தாள், எல்லாம்.

"அப்ப அவுக சொன்னது சரிதானா?" என்று கேட்டார்.

"சரிதான் மதினி."

"மூடியே வச்சிருந்தா கப்பல் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"இது தெரியாமலே போயிட்டாகளா அவுக?"

அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார். "ராத்திரில எந்திச்சு உக்காந்து அரை மணி நேரம், அரை மணி நேரம்னு பெனாத்துவாக. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மனுசன் ஒறங்கியிருப்பாகளே" என்றார். பிறகு குரலை இறுக்கிக்கொண்டு, "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவுககிட்ட சொல்லுங்க. ஒண்ணு விடாம எழுதிக் கொண்டாங்க. நான் அவுக படத்துக்கு முன்னால உக்காந்து வாசிக்கேன்" என்றார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து, "கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போங்க. உள்ள வர வேண்டாம்" என்றார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. நேற்று அவரிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. நீங்கள் பெட்டியிலிருந்து கையை எடுத்தது எப்போது என்பதை. அவர் வாசலில் வந்து நின்றபோது என்பதை. அதை விட்டுவிட்டு எழுதினால் இதுவும் இன்னொரு பொய். எழுதினால், உங்கள் முன்னால் உட்கார்ந்து வாசிக்கும்போது அந்த வரியில் அவர் குரல் நின்றுவிடும். காலையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவதில் எழுதிவிட்டேன்.

மதினி, வாசிக்கிறவர் நீங்கள்தான், அதனால் இந்தக் கடைசி வரிகள் உங்களுக்கு. அண்ணாச்சியின் கை எழுந்தது உங்களைப் பார்த்ததால் அல்ல. அதற்கு முன் அரை மணி நேரம் நான் அவர் காதில் ஓதி ஓதி அவர் பலத்தைத் தின்றிருந்தேன். நீங்கள் பிள்ளையைப் பெற்றவர், கேட்க வந்தீர்கள். உங்களுக்கு அந்த உரிமை இருந்தது. அந்தக் கதவருகே நீங்கள் நின்றதை உங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. அது என்னோடு இருக்கட்டும், மிச்ச நாளுக்கு நானே வைத்துக்கொள்கிறேன். இனி வருவதை மட்டும் கொஞ்சம் உரக்க வாசியுங்கள், அவருக்குக் கேட்கும்படி: அன்று சூரியன்தான், அண்ணாச்சி. பெட்டியில் ஒன்றுமில்லை. வால்வை உடைத்தது நான்.